பரவிய சிறுநீரகப் புற்றுநோய்: இம்யூனோதெரபி கூட்டு மருந்தை முதல் சிகிச்சையாகத் தொடங்கும் முன்னும் பின்னும் குடும்பம் செய்ய வேண்டியவை

சிறுநீரகப் புற்றுநோய் நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, கீமோ எப்போது ஆரம்பிப்பார்கள் என்பதுதான். இந்த நோய்க்குப் பெரும்பாலும் கீமோ கொடுப்பதே இல்லை, ஏனென்றால் வழக்கமான கீமோ மருந்துகளுக்கு இது மசிவதில்லை. ஒரு காலத்தில் இன்டர்ஃபெரான், இன்டர்லூகின்-2 ஊசிகள் போட்டார்கள், 2006இல் சுனிடினிப் மாத்திரை வந்தது, பத்து வருடத்துக்கு மேல் அதுவும் அதன் உறவுக்கார மாத்திரைகளும்தான் முதல் சிகிச்சையாக இருந்தன. 2018இல் இருந்து நிலைமை வேறு. இப்போது முதல் சிகிச்சையே பெரும்பாலும் இரண்டு மருந்துகளின் கூட்டு, அதில் குறைந்தது ஒன்று இம்யூனோதெரபி, அதாவது நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய் மீது ஏவிவிடும் மருந்து.

நோயாளியின் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைகிற மகள், மகன், மனைவி, கணவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எந்த மருந்து என்று முடிவு செய்ய வேண்டியவர் புற்றுநோய் மருத்துவர். ஆனால் அவர் பத்து நிமிடத்தில் நான்கு மருந்துப் பெயர்களைச் சொல்லிவிட்டு "என்ன சொல்றீங்க?" என்று கேட்கும்போது, அந்தப் பெயர்களை முதல் முறையாகக் கேட்கிறவர்களாக நீங்கள் இருக்கக் கூடாது.

முதல் தேர்வு ஏன் இவ்வளவு முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். இம்யூனோதெரபி பலன் தராமல் நோய் வளர்ந்த பிறகு, இன்னொரு இம்யூனோதெரபியை மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுமா என்று கான்டாக்ட்-03 என்ற ஆய்வில் 500க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தார்கள். கூடவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. அதன் பிறகு வந்த டைநிவோ-2 ஆய்வும் அதையே சொன்னது. அதாவது இந்த வகை மருந்தின் முழுப் பலனும் கிடைக்கக்கூடிய நேரம் தொடக்கம்தான். "முதல்ல மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் எதைத் தேட வேண்டும்

சிறுநீரகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கிளியர் செல் வகை. கீழே நான் சொல்லப்போகிற பெரிய ஆய்வுகள் எல்லாம் இந்த வகையினரிடம் செய்யப்பட்டவை. ரிப்போர்ட்டில் பாப்பிலரி, குரோமோஃபோப் என்று எழுதியிருந்தால் கணக்கு மாறும். அவர்களுக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபியுடன் லென்வாடினிப் என்ற மாத்திரை போன்ற கூட்டுகள் கொடுக்கிறார்கள், பாப்பிலரிக்கு ஓரளவு நல்ல பலனும் உண்டு, குரோமோஃபோப் அவ்வளவாகக் கேட்பதில்லை. சிறுநீரகத்தின் உட்பகுதியில், சிறுநீர் சேரும் இடத்தில் வருகிற யூரோதீலியல் வகை என்றால் அது வேறு நோய், சிகிச்சையும் வேறு. வெறும் ஸ்கேனை மட்டும் பார்த்துவிட்டு மருந்தைத் தொடங்கப் போகிறார்கள் என்றால் "பயாப்ஸி வேண்டாமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

இன்னொரு சொல்லையும் தேடுங்கள்: சார்கோமடாய்ட். செல்கள் முரட்டுத்தனமாக மாறியிருக்கின்றன என்று அர்த்தம். பழைய மாத்திரைகள் மட்டும் இருந்த காலத்தில் இது மிக மோசமான செய்தி. ஆனால் இம்யூனோதெரபிக்கு நன்றாகக் கேட்பதே இந்த வகைதான். செக்மேட் 214 ஆய்வில் சார்கோமடாய்ட் இருந்தவர்களில் நிவோலுமாப்-இபிலிமுமாப் என்ற இம்யூனோதெரபிக் கூட்டுக்குச் சுமார் 60% பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது, சுனிடினிப் எடுத்தவர்களில் அது கால்வாசிக்கும் குறைவு. இந்த ஒரு சொல் மருந்துத் தேர்வையே மாற்றக்கூடும் என்பதால் ரிப்போர்ட்டின் கடைசி வரி வரை படியுங்கள்.

ரிஸ்க் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

நோயின் போக்கு எப்படி இருக்கும் என்று கணிக்க மருத்துவர்கள் ஐ.எம்.டி.சி என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆறு கேள்விகள், ஒவ்வொரு 'ஆம்'க்கும் ஒரு புள்ளி. நோயைக் கண்டுபிடித்த நாளில் இருந்து மருந்து தேவைப்பட்ட நாள் வரை ஒரு வருடத்துக்கும் குறைவா? அன்றாட வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்கு உடல் தளர்ந்துவிட்டதா? ஹீமோகுளோபின் இயல்பு அளவுக்குக் கீழே உள்ளதா? ரத்தத்தில் கால்சியம் அதிகமா (அல்புமினைச் சேர்த்துத் திருத்திய அளவு)? நியூட்ரோஃபில் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) அதிகமா? பிளேட்லெட் அதிகமா? பூஜ்யம் என்றால் நல்ல பிரிவு, 1 அல்லது 2 என்றால் நடுத்தரம், 3 அல்லது அதற்கு மேல் என்றால் கடினமான பிரிவு.

கண்டுபிடிக்கும்போதே பரவியிருந்தால் முதல் கேள்வியிலேயே ஒரு புள்ளி விழுந்துவிடும், அதனால் அவர்கள் எல்லோரும் குறைந்தது நடுத்தரப் பிரிவுதான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெரும்பாலான நோயாளிகள் அந்தப் பிரிவில்தான் இருக்கிறார்கள். மாறாக, ஐந்தாறு வருடம் முன்பு சிறுநீரகத்தை எடுத்து, இப்போது நுரையீரலில் சின்னச் சின்னப் புள்ளிகளாக மட்டும் தெரிகிறது, உடம்புக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்றால் உடனே மருந்து தொடங்கத்தான் வேண்டுமா என்பதே நியாயமான கேள்வி. மெதுவாக வளர்கிற நோயாகத் தேர்ந்தெடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் மட்டும் எடுத்துக் கவனித்ததில் பாதிப் பேர் ஒரு வருடத்துக்கும் மேல் மருந்தே இல்லாமல் இருந்திருக்கிறார்கள். இதைக் குடும்பத்தார் ஏற்றுக்கொள்வது கஷ்டம், "ஒண்ணும் பண்ணாம விட்டுட்டாங்களே" என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். ஆனாலும் இது சிகிச்சையில் ஒரு வழிதான்.

இரண்டு பாதைகள்

மருந்துகள் என்ன செய்கின்றன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நம் ரத்தத்தில் இருக்கும் டி செல்கள் என்ற எதிர்ப்பு சக்தி செல்களுக்குப் புற்றுசெல்லை அழிக்கும் திறமை உண்டு, ஆனால் அவை அளவு மீறிப் பாயாமல் இருக்க உடம்பே வைத்திருக்கும் பிரேக்குகள் உள்ளன. பிடி-1 ஒரு பிரேக், சிடிஎல்ஏ-4 இன்னொன்று. இவற்றை வைத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்யலாம் என்ற கண்டுபிடிப்புக்காகத்தான் ஜப்பானின் டசுகு ஹோன்ஜோவுக்கும் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் பிடி-1 பிரேக்கை விடுவிப்பவை, இபிலிமுமாப் சிடிஎல்ஏ-4ஐ விடுவிக்கிறது. இவை ட்ரிப்ஸில் ஏற்றப்படுபவை. ஆக்சிடினிப், கபோசான்டினிப், லென்வாடினிப் ஆகியவை மாத்திரைகள். கிளியர் செல் கட்டிகள் ரத்தக்குழாய்களைத் தாராளமாக வளர்த்துக்கொண்டு பெருக்கும், அந்த ரத்த வரத்தை இந்த மாத்திரைகள் அடைக்கின்றன.

ஆக முதல் பாதை இரண்டு இம்யூனோதெரபிகள் சேர்ந்தது: நிவோலுமாப்பும் இபிலிமுமாப்பும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று நான்கு தடவை இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள், அதன் பிறகு நிவோலுமாப் மட்டும் தொடரும். சிறுநீரகத்துக்கு அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நிவோலுமாப் 3 மி.கி., இபிலிமுமாப் 1 மி.கி. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு இதே மருந்துகளை வழக்கமாகத் தலைகீழ் அளவில் கொடுப்பார்கள், எனவே இணையத்தில் படிக்கும்போது எந்த நோய்க்கான அளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கூட்டு நடுத்தர, கடினப் பிரிவினருக்கு 2018 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இரண்டாவது பாதை ஓர் இம்யூனோதெரபியும் ஒரு மாத்திரையும் சேர்ந்தது. பெம்ப்ரோலிசுமாப்-ஆக்சிடினிப் (2019), நிவோலுமாப்-கபோசான்டினிப் (2021), பெம்ப்ரோலிசுமாப்-லென்வாடினிப் (2021). அவெலுமாப்-ஆக்சிடினிப் என்றும் ஒன்று உண்டு, ஆனால் அது ஆயுளைக் கூட்டியதாக உறுதியாக நிரூபிக்கப்படாததால் பலரும் முதல் மூன்றையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

எது சிறந்தது? இவற்றை நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுனிடினிப்போடு ஒப்பிடப்பட்டது. அதனால் ஓர் ஆய்வின் எண்ணை எடுத்து இன்னோர் ஆய்வின் எண்ணோடு மோதவிடுவது சரியல்ல. ஆனால் இரண்டு பாதைகளின் குணம் என்ன என்று அந்த எண்களில் தெரிகிறது. லென்வாடினிப் கூட்டில் 71% பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது, மருந்தைத் தொடங்கியும் நோய் வளர்ந்துகொண்டே போனவர்கள் 5% அளவுதான். கபோசான்டினிப் கூட்டில் சுருங்கியது 56%, வளர்ந்தது சுமார் 6%. ஆக்சிடினிப் கூட்டில் 59%, 11%. நிவோலுமாப்-இபிலிமுமாப்பில் சுருங்கியது 42% மட்டுமே, ஐந்தில் ஒருவருக்கு எடுத்த எடுப்பிலேயே நோய் வளர்ந்தது.

இத்தோடு நிறுத்தினால் முதல் பாதையை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். ஆனால் அந்த 42% பேருக்கு என்ன ஆனது என்று தொடர்ந்து பார்த்ததில், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்து வருடம் கடந்தும் பலன் நிலைத்திருந்தது, இந்தக் கூட்டை எடுத்த எல்லோரிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கட்டி ஸ்கேனில் முழுக்க மறைந்தது. சிலர் மருந்தே இல்லாமல் வருடக்கணக்கில் இருக்கிறார்கள். நடுத்தர, கடினப் பிரிவினரின் சராசரி ஆயுளாகச் சொல்லப்படும் நடு எண் (பாதிப் பேர் இதைவிட அதிக காலம் வாழ்ந்தார்கள் என்று அர்த்தம்), சுனிடினிப்பில் 26 மாதம், இந்தக் கூட்டில் 47 மாதம்.

எனவே நான் குடும்பத்தாரிடம் சொல்வது இது. மூச்சு வாங்குகிறது, வலி தாங்க முடியவில்லை, கல்லீரலில் பெரிய கட்டிகள், எடை மளமளவென்று குறைகிறது என்றால் நாலைந்து மாதம் பொறுத்துப் பார்க்க நேரம் இல்லை. வேகமாகச் சுருக்கும் மாத்திரைக் கூட்டுதான் நியாயமாகப் படுகிறது. நோய் பரவியிருந்தாலும் ஆள் நன்றாக நடமாடுகிறார், நடுத்தரப் பிரிவு, அதிலும் சார்கோமடாய்ட் என்று ரிப்போர்ட் சொல்கிறது, அப்படியானால் நீண்ட காலப் பலனுக்காக இரட்டை இம்யூனோதெரபியைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். பூஜ்யம் புள்ளி உள்ள நல்ல பிரிவினருக்கு எந்தக் கூட்டுமே சுனிடினிப்பைவிட ஆயுளைக் கூட்டியதாக இதுவரை உறுதிப்படவில்லை, ஆனாலும் கட்டியை அதிக நாள் கட்டுக்குள் வைப்பதால் மாத்திரைக் கூட்டு கொடுக்கிறார்கள். மூன்று மருந்துகளையும் சேர்த்தால் என்ன என்று யாராவது கேட்பார்கள். நிவோலுமாப், இபிலிமுமாப், கபோசான்டினிப் மூன்றையும் சேர்த்துப் பார்த்த ஆய்வில் நோய் வளர்வது தள்ளிப்போனது, ஆயுள் கூடவில்லை, பக்கவிளைவு நிறைய. அதனால் அது வழக்கத்துக்கு வரவில்லை.

முதல் டோஸுக்கு முன்

மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் தைராய்டு, சுகர், கல்லீரல், கிரியாட்டினின், கார்டிசால், சிறுநீரில் புரதம் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஏதாவது மாறினால் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடக்க எண் தேவைப்படும். ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் இ.சி.ஜி.யும் வேண்டும். தலைவலியோ தடுமாற்றமோ இருந்தால் மூளை ஸ்கேனும் கேளுங்கள். நம் ஊரில் முக்கியமான இன்னொன்று காசநோய். எப்போதோ டி.பி. வந்து மருந்து சாப்பிட்டிருந்தால், அல்லது வீட்டில் ஒருவருக்கு இருந்திருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். இந்த மருந்துகளோடு உறங்கிக் கிடந்த டி.பி. எழுந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன, தவிர பக்கவிளைவுக்கு ஸ்டீராய்டு கொடுக்க நேர்ந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும்.

மூட்டுவாதம், லூபஸ், சோரியாசிஸ், குடல் அழற்சி போன்ற நோய்கள் உண்டா, உறுப்பு மாற்று சிகிச்சை செய்திருக்கிறதா என்பதையும் மறைக்கக் கூடாது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவருக்கு இம்யூனோதெரபி கொடுத்தால் உடம்பு அந்தச் சிறுநீரகத்தையே நிராகரித்துவிடலாம். அதே நேரம், ஒரு சிறுநீரகம்தான் இருக்கிறது, கிரியாட்டினின் கொஞ்சம் அதிகம், டயாலிசிஸில் இருக்கிறார் என்பதெல்லாம் இம்யூனோதெரபிக்குத் தடையாக வேண்டியதில்லை. இந்த ஊசி மருந்துகள் சிறுநீரகம் வழியாக வெளியேறுபவை அல்ல.

பல் பிடுங்க வேண்டியிருந்தால் மாத்திரை தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். இந்த மாத்திரைகள் ரத்தக்குழாய் வளர்வதைத் தடுப்பதால் காயம் ஆறாது. பின்னால் ஏதாவது ஆபரேஷன் வந்தாலும் மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று கேட்டுவிட்டுத்தான் தேதி வாங்க வேண்டும்.

"கட்டி இருக்கிற சிறுநீரகத்தை முதலில் எடுத்துவிடலாமே" என்று எல்லோருக்கும் தோன்றும். 2018இல் வந்த கார்மினா ஆய்வு, பரவிய நிலையில் உள்ள நடுத்தர, கடினப் பிரிவினரிடம் முதலில் ஆபரேஷன் செய்துவிட்டு மாத்திரை கொடுப்பது, மாத்திரை மட்டும் கொடுப்பதைவிட மேலானது அல்ல என்று காட்டியது. இப்போது பலருக்கும் மருந்தை முதலில் தொடங்கி, நன்றாகக் கேட்ட பிறகு ஆபரேஷனைப் பற்றி யோசிக்கிறார்கள். ஆபரேஷன் காயம் ஆறுவதற்குள் நோய் பரவி மருந்தே கொடுக்க முடியாமல் போவதைத் தவிர்க்கத்தான் இந்த மாற்றம்.

பக்கவிளைவுகள்: இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. "டாக்டர்கிட்ட சொன்னா மருந்தை நிறுத்திடுவார், பொறுத்துக்கலாம்" என்று நினைத்து நாலு நாள் வயிற்றுப்போக்கை வாயே திறக்காமல் தாங்கிக்கொள்வது. அப்பா, தாத்தா வயதில் இருப்பவர்கள் இதை அதிகம் செய்கிறார்கள், பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்பதற்காகவும். இம்யூனோதெரபியில் இந்தப் பொறுமை உயிருக்கே ஆபத்தாக முடியும். கெஞ்சிக் கேட்கிறேன், நோயாளியிடம் இதை நேராகச் சொல்லுங்கள்: சீக்கிரம் சொன்னால் மருந்தைத் தொடர்வதற்கான வாய்ப்புத்தான் கூடும். அப்படியே நிறுத்த நேர்ந்தாலும், பக்கவிளைவால் இரட்டை இம்யூனோதெரபியை நிறுத்தியவர்களில் பலருக்குப் பலன் தொடர்ந்து நிலைத்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

விடுவிக்கப்பட்ட டி செல்கள் புற்றுசெல்லோடு நிற்காமல் சொந்த உறுப்புகளையும் தாக்குவதால் வருகிற தொல்லை இது, எனவே எந்த உறுப்பிலும் வரலாம், எப்போதும் வரலாம். பெரும்பாலும் முதல் மூன்று நான்கு மாதத்தில், சில சமயம் மருந்து நிறுத்திப் பல மாதம் கழித்தும். செக்மேட் 214இல் பக்கவிளைவு வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு அதிக அளவு ஸ்டீராய்டு தேவைப்பட்டது.

குடல்: வழக்கத்தைவிட நாலு தடவைக்கு மேல் பேதி போனால், அல்லது ரத்தமோ சளியோ கலந்திருந்தால் அன்றே கூப்பிடுங்கள். கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போட்டு அடக்கிவிட்டால் உள்ளே குடல் புண்ணாவது வெளியே தெரியாது. நுரையீரல்: புதிதாக வறட்டு இருமல், நேற்று ஏறிய மாடிப்படியை இன்று ஏற முடியவில்லை. வீட்டில் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கட்டும். கல்லீரல் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும், எனவே ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் எடுக்கும் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். திடீரென்று தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி என்றால் சுகர் பாருங்கள். முன்பு சுகரே இல்லாதவருக்கும் ஒரே வாரத்தில் இன்சுலின் தேவைப்படும் நிலை வரலாம். தாங்க முடியாத சோர்வு, தலைவலி, எழுந்தால் தலைசுற்றல் என்றால் பிட்யூட்டரி, அட்ரீனல் சுரப்பிகளைச் சந்தேகிக்க வேண்டும். அதில் கார்டிசால் குறைந்திருந்தால் அதற்கான மாத்திரை பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தேவைப்படும், ஒருநாளும் சொந்தமாக நிறுத்தக் கூடாது. அரிது, ஆனால் மிக ஆபத்தானது இதய அழற்சி: நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கூடவே கண் இமை தொங்குவது அல்லது தசைகள் பலவீனமாவது. இதற்கு ஃபோன் செய்துகொண்டிருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

எமர்ஜென்சியில் போய் "கேன்சர் பேஷண்ட், கீமோ போகுது" என்று சொல்லாதீர்கள். பணியில் இருக்கும் இளம் மருத்துவர் கீமோ என்றால் கிருமித் தொற்றைத்தான் முதலில் நினைப்பார், ஆன்டிபயாட்டிக் ஏற்றுவார். "இம்யூனோதெரபி எடுக்கிறார், மருந்தின் பெயர் இது, கடைசி டோஸ் இந்தத் தேதி, எங்கள் டாக்டர் நம்பர் இது" என்று ஒரு அட்டையில் எழுதி நோயாளியின் பர்ஸிலும் உங்கள் ஃபோனிலும் வைத்துக்கொள்ளுங்கள். சில ஆஸ்பத்திரிகளே அச்சடித்த அட்டை தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

சிகிச்சை பெரும்பாலும் மருந்தைத் தள்ளிவைத்து ஸ்டீராய்டு கொடுப்பதுதான். மூன்று நாளில் சரியாகிவிட்டதே என்று ஸ்டீராய்டை நிறுத்தினால் திரும்பி வரும், நாலு முதல் ஆறு வாரம் வரை மெதுவாகக் குறைக்க வேண்டும். ஸ்டீராய்டு எடுத்தால் புற்றுநோய் மருந்து வீணாகிவிடும் என்ற பயத்தில் அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மாத்திரைக் கூட்டில் இவற்றோடு மாத்திரையின் தொல்லைகளும் சேரும். பிரஷர் முதலில் ஏறும், பெரும்பாலும் முதல் சில வாரத்துக்குள். வீட்டில் பிரஷர் மெஷின் வாங்கி, தினமும் காலை மாலை பார்த்து நோட்டில் எழுதுங்கள். 150/100ஐத் தாண்டினால் அன்றே சொல்லுங்கள், அதோடு கடும் தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால் எமர்ஜென்சி. உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரிவதும் உண்டு. யூரியா கலந்த கிரீம் தினமும் தடவலாம், மெத்தென்ற செருப்பு வீட்டுக்குள்ளும் போடலாம். வெயிலில் காய்ந்த கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்றுவதைக் கொஞ்ச காலம் தள்ளிவைக்க வேண்டும். வாய்ப்புண், பசியின்மை, எடை குறைதல், குரல் கம்முதல், தைராய்டு குறைதல் எல்லாம் வரும். அளவைக் குறைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். லென்வாடினிப் 20 மி.கி.யில் தொடங்கினாலும் ஆய்வில் பெரும்பாலானவர்களுக்கு அளவு குறைக்க வேண்டியிருந்தது, அது தோல்வி இல்லை.

பேதி வந்தால் ஊசியாலா மாத்திரையாலா என்ற குழப்பம் இந்தக் கூட்டில் அடிக்கடி வரும், ஏனென்றால் இரண்டுமே காரணமாக இருக்கலாம், வைத்தியமோ வேறு வேறு. ஆக்சிடினிப் உடம்பில் சில மணி நேரமே தங்கும், மருத்துவர் சொல்லி நிறுத்தினால் ஓரிரு நாளில் பேதி குறைகிறதா என்று பார்த்தே காரணத்தை ஊகிக்க முடியும். கபோசான்டினிப் உடம்பை விட்டுப் போகப் பல நாள் ஆகும், அங்கே இந்தச் சோதனை அவ்வளவு சுலபமில்லை. வயதானவருக்கு, தனியாக இருப்பவருக்கு, ஆஸ்பத்திரி தூரமாக இருப்பவருக்கு இது மருந்துத் தேர்வில் கவனிக்க வேண்டிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

சாப்பாடு, நாட்டு மருந்து

கபோசான்டினிப் வெறும் வயிற்றில்தான்: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அதன் பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல். இரவு சீக்கிரம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் முன் போடுவது பலருக்கு வசதி. ஆக்சிடினிப், லென்வாடினிப் இரண்டுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. கிரேப்ஃப்ரூட், அதன் உறவான பம்பளிமாசு இரண்டையும் தவிர்த்துவிடுங்கள், ஆக்சிடினிப், கபோசான்டினிப் போன்ற மாத்திரைகளை ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடியவை. டி.பி.க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் நேர்மாறாக மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

"எதிர்ப்பு சக்திக்கு நல்லது" என்று யாராவது சீந்தில் பொடியோ கஷாயமோ கொண்டுவந்து கொடுப்பார்கள். சீந்தில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஏற்கெனவே எதிர்ப்பு சக்தியை அவிழ்த்துவிடும் மருந்து ஏறிக்கொண்டிருக்கும் உடம்பில் இது வேண்டாம், கல்லீரல் எண் ஏறினால் எதனால் என்றும் தெரியாது. கொடுத்தவர் மனம் நோகாமல் வாங்கி வைத்துவிடுங்கள், நோயாளிக்குக் கொடுக்காதீர்கள். வழக்கமான வீட்டுச் சாப்பாடு, முட்டை, மீன், பருப்பு, தயிர் போதும். கிரியாட்டினினோ பொட்டாசியமோ அதிகம் என்றால் மட்டும் உணவு நிபுணரிடம் தனியாகக் கேளுங்கள்.

பணம்

தொடங்கும் முன் ஒரு வருடச் செலவு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஒரு டோஸின் விலையை மட்டும் கேட்டுவிட்டு, நகையை அடகு வைத்து இரண்டு டோஸ் போட்டு, மூன்றாவதுக்கு வழியில்லாமல் நிறுத்துவதைவிடக் கொடுமை வேறில்லை. பெம்ப்ரோலிசுமாப் மூன்று வாரத்துக்கு 200 மி.கி., அதாவது இரண்டு குப்பி, அதிகபட்சம் 35 டோஸ். நான்கு டோஸோடு இபிலிமுமாப் முடிந்துவிடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். அது உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்பதையும் முதலிலேயே விசாரியுங்கள். மருந்துக் கம்பெனிகளின் நோயாளி உதவித் திட்டம் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கேளுங்கள், பெரும்பாலும் நாம் கேட்டால்தான் சொல்வார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டின் வரம்பு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம், உங்கள் மருந்து அதில் வருமா என்பதை ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டு அலுவலரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். லென்வாடினிப், கபோசான்டினிப் மாத்திரைகளுக்கு இந்தியத் தயாரிப்புகள் மிகக் குறைந்த விலையில் உண்டு. மும்பை டாடா மெமோரியலில் நிவோலுமாப்பை வெறும் 20 மி.கி. கொடுத்து நல்ல பலன் பார்த்தார்களே என்று கேட்பவர்களுக்கு: அந்த ஆய்வு தலை-கழுத்துப் புற்றுநோயில் செய்தது, அதை அப்படியே சிறுநீரகத்துக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

இம்யூனோதெரபிக்கு எந்த வகையிலும் வசதிப்படாவிட்டால் கபோசான்டினிப், சுனிடினிப், பசோபனிப் போன்ற மாத்திரையை மட்டும் ஒழுங்காக எடுப்பதும் சிகிச்சைதான். அதற்காகக் குற்ற உணர்ச்சியில் வாட வேண்டாம்.

முதல் ஸ்கேன் வந்ததும்

வழக்கமாக மூன்று மாதம் ஒட்டி முதல் ஸ்கேன். மாத்திரைக் கூட்டில் அதற்குள் சுருங்கியிருப்பது தெரியும். இரட்டை இம்யூனோதெரபியில் சில சமயம் டி செல்கள் கட்டிக்குள் புகுந்து கூடுவதால் கட்டி பெரிதாகத் தெரிந்து பிறகு சுருங்குவதும் உண்டு, சிறுநீரகத்தில் இது அதிகம் நடப்பதில்லை. எனவே ரிப்போர்ட்டில் "வளர்ந்திருக்கிறது" என்று வந்தால் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: நோயாளி உடம்பால் நன்றாக இருக்கும்போது நாலு முதல் எட்டு வாரம் பொறுத்து இன்னொரு ஸ்கேன் எடுக்கலாமா, அல்லது இப்போதே கபோசான்டினிப் போன்ற மாத்திரைக்கு மாற வேண்டுமா? வலியும் மூச்சுத்திணறலும் கூடிக்கொண்டே போனால் பொறுத்துப் பார்க்கச் சொல்லி நீங்கள் வற்புறுத்தாதீர்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் வளர்ந்து மற்றதெல்லாம் அடங்கியிருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்துவிட்டு அதே மருந்தைத் தொடரலாமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஸ்கேன் சிடியையும் பழைய சிடியையும் ஒரே உறையில் கொண்டுபோங்கள், ரிப்போர்ட் தாளை மட்டும் வைத்து யாரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது.